இணைப்பு இல்லாவிட்டாலும்...

மலர்க் குழுவிலிருந்து சீனியர் ஒருவர் போன் செய்தார். "நீ ஸாஃப்ட்வேர்ல இருக்கிறவன்தானே? ஏதாவது சரித்திரம் மாதிரி எழுதிக் கொடுப்பா. ஹாஸ்டல் கதை ஏகப்பட்டது வந்தாச்சு" என்றார். ஆகவே நண்பர்களே, இது ஹாஸ்டல் கதை அல்ல. ஒரு தடவை அவமானப்பட்டு, அதற்கப்புறம் நான் தேடிப் படித்த சரித்திரம்.

2017-ஆம் வருடம். கல்லூரியை விட்டு வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஜவ்வாது மலைக் கிராமங்களுக்குப் போகும் ஒரு மருத்துவ வேனுக்காக, டேப்லெட்டில் ஓடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பி.பி., சர்க்கரை, கொடுத்த மாத்திரை எல்லாவற்றையும் நர்ஸ் பதிவு செய்வார். அது நேராக சர்வருக்குப் போகும். ஆபீஸில் பிரமாதமாக ஓடியது. மலையில் முதல் நாளே மதியத்துக்குமேல் சிக்னல் போயிற்று. திரையில் சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. இருபத்திரண்டு பேருடைய பதிவு போய்ச் சேரவே இல்லை. "பரவாயில்லை தம்பி, நோட்டுலயும் எழுதி வச்சிருக்கேன்" என்றார் நர்ஸ் அக்கா. என்னுடைய நாலு வருட பி.இ.யை ஒரு நோட்டுப் புத்தகம் தோற்கடித்த நாள் அது.

இந்தச் சிக்கல் எனக்கு முன்னால் யாருக்கும் வந்ததில்லையா என்று தேடினேன். நிறையப் பேருக்கு வந்திருக்கிறது!

1978-இல் லெஸ்லி லாம்போர்ட் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு கணிப்பொறிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகும் என்று நம்பக்கூடாது. எது முன், எது பின் என்பதை வேறு வழியில் கணக்கிட வேண்டும் என்றார். கடிதம் கிடைத்த பிறகுதானே பதில் எழுத முடியும்? அதே மாதிரி, வந்த செய்தியின் எண்ணைவிடப் பெரிய எண்ணைப் பதிலுக்குக் கொடுத்தால் வரிசை தப்பாது.

அடுத்து நம்மவர் ஒருவர். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த மகாதேவ் சத்யநாராயணன், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1987-இல் 'கோடா' என்ற கோப்பு முறையைத் தொடங்கினார். ஊருக்குக் கிளம்புமுன் கட்டுச்சோறு கட்டிக்கொள்வதில்லையா? அதுபோல, தேவைப்படும் கோப்புகளை இணைப்பு இருக்கும்போதே கணிப்பொறி சேர்த்து வைத்துக்கொள்ளும். இணைப்பு அறுந்தால் அதை வைத்தே வேலை நடக்கும். திரும்பி வந்ததும், செய்த மாற்றங்களைச் சர்வரிடம் ஒப்படைக்கும். மலைமேல் எனக்கு வேண்டியிருந்தது இதுதான். நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே செய்து முடித்திருக்கிறார்கள்!

1989-இல் வெளிவந்த லோட்டஸ் நோட்ஸிலும் இதே எண்ணம் உண்டு. ஆளுக்கொரு பிரதி, இணைப்பு கிடைக்கும்போது பிரதிகள் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும். அதில் வேலை பார்த்த டேமியன் காட்ஸ் 2005-இல் கௌச்டிபியைத் தொடங்கினார். அதற்கு முன்பே 2000-இல் ரிச்சர்ட் ஹிப் எஸ்.க்யூ.லைட் எழுதிவிட்டார். அமெரிக்கக் கடற்படைக் கப்பலுக்கான வேலையில், டேட்டாபேஸ் சர்வர் படுத்தால் தன் புரோகிராமும் படுத்துவிடுவதைப் பார்த்து, சர்வரே இல்லாமல் ஒரே கோப்பில் எல்லாம் அடங்கும்படி செய்தார். இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனிலும் அது இருக்கிறது.

சரி, பிரதிகளில் முரண்பாடு வந்தால்? மெஸ்ஸில் இரண்டு கவுண்டர் இருந்ததை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே மொத்தத்தை அழித்து அழித்து எழுதினால் குழப்பம். அவரவர் டோக்கனை அவரவர் தாளில் எண்ணிக் கடைசியில் கூட்டினால், எந்தத் தாள் முதலில் வந்தாலும் விடை ஒன்றே. 2011-இல் மார்க் ஷபீரோ, ப்ரெகிசா, பக்கேரோ, ஸவிர்ஸ்கி ஆகியோர் இந்த வகைத் தரவு அமைப்புகளுக்குக் கணித அடிப்படை தந்தார்கள். 2019-இல் இங்க் அண்ட் ஸ்விட்ச் குழுவுடன் மார்ட்டின் கிளெப்மன் எழுதிய கட்டுரை, இந்தப் போக்குக்கு 'லோக்கல் ஃபர்ஸ்ட்' என்று பெயர் வைத்தது. தரவின் மூலப்பிரதி பயனாளியின் கையில். சர்வர் வெறும் உதவியாள்.

இதையெல்லாம் படித்துக்கொண்டே புரோகிராமைத் திருப்பி எழுதினேன். பதிவு முதலில் டேப்லெட்டிலேயே, பூட்டுப் போட்டு, சேமிக்கப்படும். வேன் அடிவாரம் வந்ததும் சர்வருடன் சேரும். ஆனால் கணிதமும் ஒரு இடத்தில் கைவிட்டது. ஒரே பாட்டிக்கு இரண்டு டேப்லெட்டில் இரண்டு அளவு மாத்திரை. எல்லாப் பிரதியும் ஒரே விடைக்கு வந்துவிடும், வாஸ்தவம். அந்த விடை சரியானதுதான் என்று யார் சொன்னது? அதனால் மருந்து விஷயத்தில் மட்டும் இரண்டு பதிவையும் டாக்டர் கண்முன் காட்டி, அவரையே முடிவு செய்ய விட்டோம்.

இப்போது செயற்கை அறிவும் கைக்குள் வந்துவிட்டது. 700 கோடி எண்கள் கொண்ட ஒரு மொழி மாதிரி, எண்ணுக்கு 16 பிட் வைத்தால் 14 ஜி.பி. பிடிக்கும், 4 பிட்டாகச் சுருக்கினால் சுமார் 3.5 ஜி.பி.தான். 2023 மார்ச்சில் கெயோர்கி கெர்கனோவ் வெளியிட்ட லாமா.சிபிபி, இப்படிச் சுருக்கியவற்றைச் சாதாரண லேப்டாப்பிலேயே ஓட்டிக் காட்டியது. நர்ஸ் அக்கா தமிழில் சொல்வதை லேப்டாப்பே எழுத்தாக்குகிறது. மருந்துப் பெயரில் தப்பு விடும். அவர் படித்துத் திருத்துகிறார். வீட்டுக்காரர் குடிப்பதையும் தூக்கம் வராததையும் ஒரு பெண் அவரிடம் சொல்கிறாள் என்றால், அவரை நம்பித்தான் சொல்கிறாள். அந்தப் பேச்சு முகம் தெரியாத யாருடைய சர்வருக்கும் போகவேண்டிய அவசியம் இல்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

கடைசியாக நம் கதை. நம் பேட்ச் படங்களை ஒரு வலைத்தளத்தில் போட்டு வைத்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? தளத்தை மூடினார்கள், எடுத்து வைக்காதவர்களுக்குப் படங்களும் போயின. இந்த ரீயூனியனில் எடுக்கும் படங்களுக்கு ஒரு பிரதியாவது வீட்டில் இருக்கட்டும்.

நர்ஸ் அக்கா இன்னமும் நோட்டை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை. எல்லோருக்கும் வாழ்த்துக்கள், நேரில் சந்திப்போம்!