போர்ட் டிக்சனும் பிளாட்டினமும்: கார்பன் மோனாக்சைடு வினையூக்கியின் வரலாற்றுத் தடம்

நெகிரி செம்பிலானின் தோட்டப்புற வரலாறு பெரும்பாலும் பால்மரத்தையும் செம்பனையையும் கொண்டே எழுதப்பட்டுள்ளது. சுவா பெத்தோங், தானா மேரா முதலிய தோட்டங்கள் அமைந்த போர்ட் டிக்சன் வட்டாரத்தின் கடற்கரையில் 1963ஆம் ஆண்டு ஷெல் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியதும், 1960களிலேயே எஸ்ஸோ ஆலையும் அங்கு எழுந்ததும் அவ்வரலாற்றின் ஓரக்குறிப்பாகவே நின்றுவிட்டன. ஆயினும் வாகனப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடை அகற்றும் வினையூக்கி சாலைக்கு வந்த வழியை ஆராய்வோர் இத்தகைய ஆலைகளிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. பெட்ரோலின் தரத்தை உயர்த்திய பிளாட்டினம் முன்னே சென்ற பிறகே, அதன் புகையைத் தூய்மையாக்கும் பிளாட்டினம் பின்னே வர முடிந்தது.

கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற வாயு. எரிபொருள் முழுமையாக எரியாதபோது உண்டாகி, குருதியின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் பிணைவது. ஆக்சிஜனோடு சேர்ந்தால் அது கார்பன் டை ஆக்சைடாக மாறிவிடும். ஆனால் வினையூக்கி, அதாவது தான் செலவழியாமல் வினையை விரைவுபடுத்தும் பொருள், இல்லாவிடில் அம்மாற்றத்துக்கு மிகுந்த வெப்பம் தேவை. பிளாட்டினத்தின் பரப்பில் இவ்வினை நிகழும் முறையை இர்விங் லாங்மியூர் 1922இல் விளக்கினார். குறைந்த வெப்பநிலையில் கார்பன் மோனாக்சைடு உலோகப் பரப்பு முழுவதையும் அடைத்துக்கொள்வதால் ஆக்சிஜன் மூலக்கூறு அமர்ந்து பிளவுற இடமின்றிப் போகிறது என்பதும், வெப்பம் ஏறி அவ்விடங்கள் காலியாகும்போதே வினை வேகம் பிடிக்கிறது என்பதும் அவ்விளக்கத்திலிருந்து பெறப்பட்டவை. இத்துறையின் பிற்கால முயற்சிகளில் பெரும்பகுதி இந்த ஒரு தடையைச் சுற்றியே அமைந்தது எனலாம்.

விலைமிக்க உலோகம் கட்டியாக இருந்தால் உள்ளிருக்கும் அணுக்கள் வீணாகும். ஆகவே அது சில நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக, அதாவது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு அளக்கப்படும் நுண்துகள்களாக, ஆக்சைடுத் தாங்கியின் மேல் பரப்பப்படுகிறது. நுண்துளைகள் நிறைந்த காமா அலுமினா ஒரு கிராமின் உட்பரப்பு, ஒரு பூப்பந்துத் திடலின் பரப்பையும் விஞ்சும். பிளாட்டினத்தை இத்தகைய அலுமினாவில் ஏற்றி, நாப்தாவிலிருந்து உயர் ஆக்டேன் பெட்ரோல் எடுக்கும் முறையை விளாடிமிர் ஹென்சல் உருவாக்க, அது 1949இல் தொழிலுக்கு வந்தது. இவ்வகை மறுசீரமைப்பு அலகு போர்ட் டிக்சன் ஷெல் ஆலையிலும் இடம்பெற்றது. ஆக்டேனை உயர்த்த ஈயச் சேர்மம் கலப்பதே அந்நாளைய வழக்கமாயிருந்த நிலையில், அதைக் கைவிடும் வாய்ப்பை இம்முறையே பெரிதும் உண்டாக்கியது.

ஈயத்தைக் கைவிடுவதன் முக்கியத்துவத்தை யூஜின் ஹூட்ரியின் தோல்வி தெளிவாகக் காட்டுகிறது. அவர் 1950களில் வாகனப் புகைக்கான வினையூக்கி மாற்றியை வடிவமைத்தார். பெட்ரோலிலிருந்த ஈயம் உலோகப் பரப்பில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்தமையால் அது அன்று பரவவில்லை. ஈயமற்ற பெட்ரோல் கிடைத்த பின்னரே அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் மாற்றி பரவலாக இடம்பெற்றது. இந்தியாவில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் 1995இல் ஈயமற்ற பெட்ரோலும் மாற்றியும் ஒருசேர அறிமுகமானதற்கும் இதுவே காரணம். மலேசியாவில் பெட்ரோல் இயந்திரப் புகைக்கான விதிமுறைகள் 1996இல் பிறப்பிக்கப்பட்டன.

தாங்கி வெறும் மேடையன்று என்பது பின்னர் மெல்லத் தெளிவாயிற்று. 1980களில் சேர்க்கப்பட்ட சீரியம் ஆக்சைடு, ஆக்சிஜன் மிகும்போது அதை ஏற்று, குறையும்போது விடுவித்து, வினையில் தானே பங்கேற்றது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். எஸ். ஹெக்டே குழுவினர், உலோகத்தைத் துகளாக மேலே வைக்காமல், அயனியாகச் சீரியம் ஆக்சைடின் படிகக் கட்டமைப்புக்குள்ளேயே பொருத்தினர். அனைத்தினும் வியப்பூட்டியது ஜப்பானில் மசடாகே ஹருடா 1987இல் வெளியிட்ட முடிவு. வினையற்றதெனக் கருதப்பட்ட தங்கம், 5 நானோமீட்டருக்கும் சிறிய துகள்களாக இரும்பு, கோபால்ட் போன்றவற்றின் ஆக்சைடுகளில் அமர்ந்தபோது, உறைநிலைக்கும் மிகக் கீழே கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றியது. தங்கமும் ஆக்சைடும் சந்திக்கும் விளிம்பே அங்கு வினைக்களம் என்பதைப் பிற்கால ஆய்வுகள் சுட்டின.

ஆயினும் புகைக்குழாயின் வெப்பத்தில் தங்கத் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து பெருத்துத் திறனிழப்பதால், வாகனங்களில் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமுமே நீடிக்கின்றன. அவை வழக்கமாக 200 செல்சியஸ் பாகைக்கு மேல் சூடேறிய பின்னரே முழுவீச்சில் இயங்குகின்றன. குளிர்ந்த இயந்திரத்தின் முதல் சில நிமிடப் புகை பெருமளவு அப்படியே வெளியேறிவிடுகிறது. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளை முடுக்கி, தோட்டக் குடியிருப்பிலிருந்து வேலைக்காட்டுக்கு ஓரிரு கிலோமீட்டர் மட்டுமே செல்லும் தொழிலாளியின் பயணம், மாற்றி பொருத்தப்பட்ட வண்டியிலும், இந்நிமிடங்களுக்குள்ளேயே பெரும்பாலும் முடிந்துவிடும். ஆகவே தாழ்வெப்ப வினையூக்கி ஆய்வின் தேவையை நெடுஞ்சாலைக் கார்களை மட்டும் கொண்டு அளவிடுவது போதாது.