சும்மா நிற்கும் எஞ்சின்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் காரை மதுரையில் வீட்டு வாசலிலேயே வைத்துப் பிரித்தேன். 2012இல் வாங்கிய சின்ன பெட்ரோல் வண்டி. சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடும் பழக்கம் அதற்கு வந்திருந்தது. த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கும், கழுவினால் சரியாகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி, ஸ்ப்ரே அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். உள்ளே வெள்ளி மாதிரி மின்னியது. பெருமையாக சாவியைத் திருப்பினேன்.

முள் சர்ரென்று 2000க்கு ஏறியது. உடனே 1000க்கு விழுந்தது. மறுபடி ஏறியது. நான் ஆக்ஸிலேட்டரில் கால் வைக்கவே இல்லை. வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள்: "என்னடா, வண்டிக்கு மூச்சு வாங்குது?"

அப்பா இருந்திருந்தால் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரோடு வந்திருப்பார். தொண்ணூறுகளில் எங்களிடம் ஒரு மாருதி 800 இருந்தது. கார்பரேட்டர் வண்டி. ஞாயிறு காலையில் பானட்டைத் திறந்து, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்து, 'ஸ்லோ' திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்புவார். எஞ்சின் சத்தம் மெல்லத் தணிந்து ஒரே சீராக வரும். "அவ்ளோதான்" என்பார். அந்தத் திருகைத்தான் இந்த வண்டியில் தேடினேன். ஒன்று இருந்தது. ஆனால் அதன் தலையில் பெயின்ட் பூசி சீல் வைத்திருந்தார்கள். தொடாதே என்று அர்த்தம்.

யார் வைத்த சீல் இது? ஏன் வைத்தார்கள்? அன்று ராத்திரி வண்டியை விட்டுவிட்டு இந்தக் கேள்வியின் பின்னால் போய்விட்டேன்.

*

எஞ்சின் ஓடுவதைவிட, ஓடிக்கொண்டே சும்மா நிற்பது கஷ்டம். 1880களில் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில் கார்பரேட்டர் என்பது ஏறக்குறைய ஒரு பாத்திரம்தான். பெட்ரோலின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவி காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் போகும். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு அந்த வண்டியை மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிப் போனார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வீஸ்லோக் ஊரில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி அதில் அடிக்கச் சொன்னார். கார்ப் பயணத்தின் வரலாறே வழியில் செய்த ரிப்பேரோடுதான் தொடங்குகிறது.

1893இல் ஜெர்மனியில் மேபாக்கும், ஹங்கேரியில் பாங்கி, சொங்கா என்ற இருவரும் பெட்ரோலைச் சின்னத் துளையால் பீய்ச்சும் கார்பரேட்டரைத் தனித்தனியே கொண்டுவந்தார்கள். இதன் தத்துவம் எளிது. குறுகலான கழுத்து வழியாகக் காற்று வேகமாகப் போனால் அங்கே அழுத்தம் குறையும். அந்தக் குறைவு பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். சிக்கல் எங்கே என்றால், காலை எடுத்ததும் தகடு மூடிக்கொள்கிறது. கழுத்தில் காற்று ஓட்டம் இல்லை, உறிஞ்சுவதும் இல்லை. எஞ்சின் செத்துவிடும். அதற்காகத் தகட்டின் ஓரத்தில் தனியாக ஒரு நுண்ணிய வழி வைத்தார்கள். அதுதான் ஸ்லோ ஜெட். அந்த வழியில் பெட்ரோலும் காற்றும் எவ்வளவு கலக்கலாம் என்பதை ஒரு திருகும், தகடு எவ்வளவு திறந்திருக்கலாம் என்பதை இன்னொரு திருகும் தீர்மானித்தன. அப்பா திருப்பியது அதைத்தான்.

இந்தியாவில் அம்பாசிடரிலிருந்து பத்மினி வரை மெக்கானிக்கின் மரியாதை அந்தத் திருகில்தான் இருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. ஜப்பானின் மிக்குனியோடு கைகோத்த யூகால் நிறுவனம் சென்னையை ஒட்டிய மறைமலை நகரில் கார்பரேட்டர் செய்தது. ஊருக்கு ஊர், 'அவர் கை வச்சா வண்டி பாடும்' என்று ஒருத்தர் இருந்தார்.

ஆனால் அந்தப் பாட்டுக்கு ஒரு விலை இருந்தது. எஞ்சின் சிணுங்கினால் அதைச் சமாதானப்படுத்தச் சுலபமான வழி, கொஞ்சம் பெட்ரோலைக் கூட்டி வைப்பது. சத்தம் வெண்ணெய் மாதிரி இழையும். கூடவே புகைக்குழாயில் கார்பன் மோனாக்சைடும் கூடும். நமக்குக் கேட்டது எஞ்சின் சத்தம் மட்டும்தான். சிக்னலில் பக்கத்தில் சைக்கிளோடு நின்றவர் என்ன சுவாசித்தார் என்பது கேட்கவில்லை.

அதைக் கேட்க வைத்தது லாஸ் ஏஞ்சலஸ். அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர், அந்த நகரின் கண்ணெரியும் புகைமூட்டம் கார்ப் புகையிலும் எண்ணெய் ஆலைப் புகையிலும் வெயில் பட்டு உண்டாவது என்று ஐம்பதுகளின் தொடக்கத்தில் காட்டினார். 1966இல் கலிஃபோர்னியா கார்ப் புகைக்கு வரம்பு வைத்தது. 1967இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் முறை வோக்ஸ்வாகன் காரில் வந்தது. எஞ்சினுக்குள் போகும் பாதையின் அழுத்தத்தை அளந்து, அதற்கேற்ற பெட்ரோலை அது கணக்குப் போட்டுத் தெளித்தது.

இங்கே 1989 மோட்டார் வாகன விதிகள், நான்கு சக்கர பெட்ரோல் வண்டி ஐடிலிங்கில் 3 சதவீதத்துக்கு மேல் கார்பன் மோனாக்சைடு விடக் கூடாது என்றன. எம்.சி. மேத்தா வழக்கில் 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டெல்லி வட்டாரத்தில் பதிவாகும் தனியார் கார்கள் அந்த ஜூனுக்குள் யூரோ 1 தரத்துக்கும், 2000 ஏப்ரலுக்குள் யூரோ 2 தரத்துக்கும் வர வேண்டும் என்றது. மாருதி 800இலும் கார்பரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்தது. திருகு மெக்கானிக்கின் கையிலிருந்து கம்ப்யூட்டரின் கைக்குப் போனது. என் வண்டியில் இருந்த சீல் அந்த வரலாற்றின் கடைசிப் பொட்டு.

*

காலையில் தெளிவாக இருந்தேன்: பழி கம்ப்யூட்டர் மேல்தான். கரி படிந்த தகட்டுக்கு ஏற்ப இத்தனை வருடம் பழகியிருந்தது, திடீரென்று சுத்தமானதும் குழம்பிவிட்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். மாறவில்லை. ஸ்கேனரில் கோளாறு எதுவும் காட்டவில்லை. சீலை உடைத்துத் திருகைத் திருப்பிவிடலாமா என்று கை அரித்தது. அடுத்த ஞாயிறு அம்மாவைக் கொடைக்கானல் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். கடைசியில், அப்பா போய்க்கொண்டிருந்த பாய் கடைக்கே மெல்ல ஓட்டிப் போனேன்.

பாய் பானட்டைத் திறக்கும் முன்பே கேட்டார்: "கடைசியா எதைத் தொட்டீங்க தம்பி?"

சொன்னேன்.

"பிரேக் எப்படிப் பிடிக்குது?"

சுரீர் என்றது. வரும் வழியில் பெடல் கல் மாதிரி இருந்தது. ரெண்டு தடவை எழுந்து நின்று மிதிப்பதுபோல மிதித்தேன். ஐடிலிங்கையே நினைத்துக்கொண்டிருந்ததால் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் குனிந்து காதைக் கொடுத்தார். அப்பா குனிந்த அதே சாய்வு. பிறகு ஒரு தடித்த ரப்பர் ஹோஸை ப்ளையரால் துணி வைத்து நெரித்தார். முள் சட்டென்று இறங்கி 900இல் நின்றது. கையை எடுத்தார், மறுபடி ஊஞ்சல்.

த்ராட்டில் பாடியை எடுக்கும்போது நான் இழுத்த இழுப்பில், பழசாகிக் காய்ந்திருந்த ஹோஸ் கிளிப்புக்குக் கீழே கீறிவிட்டிருந்தது. அது பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ். தகடு மூடியிருக்கும்போது எஞ்சின் காற்றுக்கு ஏங்கி உறிஞ்சும் அந்த உறிஞ்சலைக்கொண்டே பிரேக்குக்கு பலம் கூட்டலாம் என்று 1927இல் பெல்ஜியத்தின் ஆல்பர்ட் டெவாண்ட்ரே ஒரு அமைப்பைச் செய்தார். இன்றும் என் வண்டி போன்ற பெட்ரோல் கார்களில் நம் காலுக்குத் துணை அதுதான். கீறல் வழியே காற்று புகுந்தது, அழுத்தம் ஏறியதைப் பார்த்த கம்ப்யூட்டர் அதற்கேற்பப் பெட்ரோலும் கொடுத்தது, வேகம் ஏறியது. காலும் இல்லை, வேகமும் இருக்கிறது என்றால் வண்டி சரிவில் இறங்குகிறது என்று அதற்கு அர்த்தம். பெட்ரோலை நிறுத்தியது. வேகம் விழுந்தது. மறுபடி கொடுத்தது. அம்மா கேட்ட மூச்சுவாங்கல் இதுதான். கம்ப்யூட்டர் குழம்பவே இல்லை.

"சீலை உடைச்சுத் திருப்பியிருந்தா?" என்று கேட்டேன்.

"முள்ளு ஒருவேளை அடங்கியிருக்கும்," என்றார் பாய். "நீங்களும் மலைக்குப் போயிருப்பீங்க."

ஐடிலிங் என்பது நாம் வைக்கும் அளவு என்றுதான் அப்பாவைப் பார்த்து நினைத்திருந்தேன். இப்போது தோன்றுகிறது, அவர் திருப்பியது கால் சுற்றுதான். அதற்கு முன் கேட்டது ரொம்ப நேரம். நான் திருகை மட்டும் ஞாபகம் வைத்திருந்தேன்.

ஹோஸுக்குக் கொஞ்சம் பணம்தான் ஆனது. ஞாயிறன்று வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினோம், சாயங்காலம் இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் பெடல் மெத்தென்று இறங்கியது. அம்மா பாதி வழியிலேயே தூங்கிவிட்டாள்.