பழைய சைக்கிள் சொல்லும் வரலாறு

தோட்டப்புறத்து வீடுகள் பலவற்றில் தாத்தா ஓட்டிய சைக்கிள் ஒன்று கோழிக்கூட்டின் ஓரமாகச் சாய்ந்து கிடக்கும். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்ற பேச்சும் எழும். போடுவதற்கு முன் அது வந்த வழியைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போமா?

சங்கிலி பின்சக்கரத்தை இழுக்கும் இன்றைய சைக்கிளுக்கு முன்னோடியை, 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கினார். 1888-இல் டன்லப் காற்றடைத்த ரப்பர் டயரைக் கொண்டுவந்தார். கெப்பாலா பத்தாஸ் அமைந்துள்ள செபராங் பிறையில் அதற்கு முன்பே கரும்புத் தோட்டங்களில் தமிழர் உழைத்து வந்தனர். பிறகு சைக்கிளுக்கும் மோட்டார் காருக்கும் டயர் வேண்டியிருந்ததால் மலாயா எங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் இன்னும் பல்லாயிரவராய்க் கப்பலேறி வந்தனர். ஆக, சைக்கிளின் கதையில் நம் கதையும் கலந்திருக்கிறது.

சைக்கிளின் பலம் எதில் இருக்கிறது? தேயும் பாகத்தை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பதில்தான். இதை ஒரு படையே பயன்படுத்திக்கொண்டது. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கினர். அவர்களின் வீரர்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளில் தெற்கே விரைந்தனர். போருக்கு முன்பே ஜப்பானிய மலிவுச் சைக்கிள்கள் மலாயாவில் நிறைய விற்பனையாகியிருந்ததால், உதிரிப் பாகங்கள் ஊருக்கு ஊர் கிடைத்தன. டயர் கிழிந்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினர். டிசம்பர் 19-இல் பினாங்கும், 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் வீழ்ந்தன.

அதன்பின் இறக்குமதி நின்றுபோனது. பால்மரம் சூழ்ந்த நாட்டிலேயே நல்ல டயர் அரிதாயிற்று! காற்றில்லாத கெட்டி ரப்பரைச் சக்கரத்தில் பொருத்தி மக்கள் ஓட்டினர். பழுது பார்க்கத் தெரிந்தவரின் கைக்கு அப்போதுதான் முழு மதிப்பு வந்தது.

அந்தக் கைத்தொழிலின் சில விதிகளை இன்றும் நாம் பின்பற்றலாம். முதலில் சங்கிலி. ஓர் ஆணியின் நடுவிலிருந்து எண்ணி 24-ஆவது ஆணியின் நடுவரை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்கு மேல் கால்வாசி அங்குலத்தில் பாதி நீண்டுவிட்டால் சங்கிலியை மாற்றிவிட வேண்டும். இல்லையேல் அது பல்சக்கரத்தையும் தின்றுவிடும்.

அடுத்தது, பெடல் தண்டை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின். அடியில் முட்டுக் கொடுக்காமல் சுத்தியலால் அடித்தால், உள்ளே உருளும் குண்டுகள் அவை ஓடும் கிண்ணத்தில் தழும்பு விழச் செய்யும். குண்டுகளில் ஒன்று தேய்ந்தாலும் அந்தத் தொகுதி முழுவதையும் மாற்றி, புதுக் கிரீஸ் இடுவதே முறை. பிறகு அச்சு ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது.

பழைய ராலே வண்டியாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அதன் பெடல் அச்சுக் கிண்ணத்தில் அங்குலத்துக்கு 26 மரை. மற்ற ஆங்கில வண்டிகள் பலவற்றில் 24 மரை. ஒன்று மற்றொன்றில் ஏறாது. பலவந்தமாக ஏற்றினால் சட்டமே கெட்டுவிடும். ராலேயின் நாட்டிங்காம் தொழிற்சாலை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டுவிட்டது. ஆகவே நல்ல நிலையில் உள்ள பழைய கிண்ணத்தைத் தூக்கி எறியாமல், மண்ணெண்ணெயில் கழுவி ஒரு டப்பாவில் பத்திரப்படுத்துங்கள்.

நேயர்களே, நம் முன்னோரின் உழைப்பைப் பற்றி எழுதி வைக்கப்பட்டது மிகக் குறைவு. அவர்கள் கைபட்டுத் தேய்ந்த பொருள்களே பல குடும்பங்களுக்கு எஞ்சியுள்ள சான்று. அந்த வண்டி யார் வாங்கியது, எந்த ஆண்டு, எத்தனை மாதச் சம்பளத்தில் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டுக் குறித்து வையுங்கள். தேய்ந்த குண்டுக்கு மாற்று கடையில் கிடைக்கும். அவர்கள் நினைவுக்கு மாற்று எங்கும் கிடைக்காது.