பாவ மன்னிப்பும் பரிகாரமும்

நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு வேண்டிய ஐந்து காரியங்களை நம்மில் பலர் புதுநன்மை வகுப்பிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். பாவங்களை நினைத்துப் பார்ப்பது, அவற்றுக்காக மனம் வருந்துவது, இனிப் பாவம் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவானவரிடம் பாவங்களைச் சொல்வது, அவர் கொடுக்கும் அபராதத்தைத் தீர்ப்பது. முதல் நான்கிற்கும் ஓரளவு கவனம் செலுத்துகிறோம். ஐந்தாவது பெரும்பாலும் பீடத்திற்கு முன் முழங்காலிட்டு மூன்று அருள்நிறை மரியே சொல்வதோடு முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு தவக்காலத்திலும் அதே பாவங்களையே சொல்லிக்கொண்டிருக்கிறோமே, ஆன்மீக வாழ்வில் ஓர் அடிகூட நகரவில்லையே என்று வருந்துகிறவர்கள் இந்த ஐந்தாவது காரியத்தைச் சற்று நின்று பார்ப்பது நல்லது.

மனமாற்றத்தைக் குறிக்க எபிரேய மொழியில் வழங்கும் சொல்லுக்குத் 'திரும்புதல்' என்று பொருள். மனந்திரும்புதல் என்ற நம் தமிழ்ச் சொல்லிலும் அந்தத் திரும்புதல் இருக்கிறது. வெறும் வருத்தம் ஒருவரை இருந்த இடத்திலேயே வைத்திருக்கும். திரும்புகிறவர் வழி தவறிய இடத்திற்கு நடந்தே போக வேண்டும்.

எரிகோவின் சக்கேயு அப்படித்தான் நடந்தார் (லூக் 19:1-10). அவர் அத்திமரத்தில் ஏறியதைப் பற்றி நாம் நிறைய மறையுரைகள் கேட்டிருக்கிறோம். அவர் போட்ட கணக்கைப் பற்றிக் கேட்டது குறைவு. தன் குற்றத்தை அறிக்கையிடுபவர் முழு ஈட்டோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது மோசேயின் சட்டம் (எண் 5:6-7). ஆட்டைத் திருடி விற்றவன் அல்லது வெட்டியவன் ஓர் ஆட்டுக்கு நான்கு ஆடுகள் கொடுக்க வேண்டும் (விப 22:1). தாமாகவே முன்வந்த சக்கேயு முதல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். நூறு தெனாரியத்துக்கு நூற்றிருபதோடு முடிந்திருக்கும். அவரோ திருடனுக்குரிய நான்கு மடங்கைத் தம்மேல் சுமத்திக்கொண்டார். தம் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தது இதற்கு மேல். இயேசு அவரிடம் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்டதாக லூக்கா எழுதவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மன்னிப்பை விலைகொடுத்து வாங்குவதற்காகச் சக்கேயு கொடுக்கவில்லை. ஆண்டவர் தம் வீட்டுக்குள் வந்துவிட்ட மகிழ்ச்சியில் கொடுத்தார். நம் நாட்டில் பரிகாரம் என்றால் தோஷம் கழிக்கச் செலுத்தும் கட்டணம் என்ற எண்ணம் ஊறிப்போயிருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பரிகாரம் நம்மிடையே ஏன் இவ்வளவு சுருங்கிப்போனது? இதற்கு வரலாற்றில் ஒரு காரணம் உண்டு. தொடக்கத் திருச்சபையில் கொலை, விபசாரம், விசுவாச மறுப்பு போன்ற கனமான பாவங்களைச் செய்தவர்கள் ஆயரிடம் அறிக்கையிட்டு, தவம் புரிவோரின் வரிசையில் சேர்க்கப்பட்டார்கள். மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் தவம் செய்த பிறகே நற்கருணைப் பந்திக்கு மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். உரோமையில் இது பெரிய வியாழனன்று நடந்தது. பேரரசருக்கும் விலக்கு இல்லை. 390-ஆம் ஆண்டு தெசலோனிக்கா நகரில் தம் ஆணையால் நடந்த படுகொலைக்காகப் பேரரசர் தெயோதோசியு, மிலான் ஆயர் புனித அம்புரோசின் சொல்லுக்குப் பணிந்து வெளிப்படையாகத் தவம் செய்தார். ஆனால் இந்த ஒப்புரவு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கிடைத்தது. எனவே பலர் அதைச் சாவுப் படுக்கை வரை தள்ளிப்போட்டார்கள். 6-ஆம் நூற்றாண்டிலிருந்து அயர்லாந்துத் துறவிகள், தனியாக, எத்தனை முறை வேண்டுமானாலும் பாவசங்கீர்த்தனம் செய்யும் வழக்கத்தை ஐரோப்பாவில் பரப்பினார்கள். இது பெரும் கொடை. ஏறக்குறைய 1000-ஆம் ஆண்டளவில் இன்னொரு மாற்றமும் நிலைபெற்றது: பாவ அறிக்கை முடிந்த உடனேயே மன்னிப்பு வழங்கப்பட்டு, தவம் அதற்குப் பின்னால் நகர்ந்தது. மன்னிப்பு முன்னால் வந்ததும் பின்னால் வந்தது மறக்கப்பட்டது. கடனைத் தள்ளுபடி செய்த பிறகு வட்டிக்கு யார் அலைவார்கள்?

பழைய கடுமை திரும்ப வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் திருச்சபையின் போதனை மாறவில்லை. பாவம் மன்னிக்கப்பட்டாலும் அது உண்டாக்கிய சேதம் தானாகச் சீராவதில்லை; களவாடியதைத் திருப்பித் தருவதும், கெடுத்த பெயரைச் சீர்செய்வதும் நீதியின் கடமை என்று 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி விளக்குகிறது (எண் 1459). 1973-இல் புதுப்பிக்கப்பட்ட ஒப்புரவுச் சடங்குமுறை, அபராதம் அந்தந்தப் பாவத்திற்கேற்ற மருந்தாக அமைய வேண்டும் என்றும், செபம், தன்னொறுத்தல் ஆகியவற்றோடு குறிப்பாகப் பிறரன்புப் பணியாகவும் அது இருக்கலாம் என்றும் கூறுகிறது. மருந்து என்ற சொல் பொருத்தமானது. வீட்டு வேலை செய்யும் பெண்ணின் கூலியைப் பிடித்து வைத்திருந்தவர், அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுப் படியேறிப் போய்க் கொடுத்தால், அடுத்த மாதம் பிடித்து வைக்கக் கை கூசும். ஆன்மீக வளர்ச்சி பெரும்பாலும் இப்படித்தான், கூச்சத்தோடு தொடங்குகிறது. (இங்கே சொல்லும் எடுத்துக்காட்டுகள் எவருடைய பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை.)

பணத்தைவிடக் கடினமானது பெயர். ஒரு குடும்பத்துப் பெண்ணைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி எழுதுகிறோம். வரன் தட்டிப்போகிறது. ஈஸ்டருக்கு முன் 'புறணி பேசினேன் சாமி' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வருகிறோம். அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? புனித தோமா அக்குவினார் இதை நுட்பமாகப் பிரித்துப் பார்க்கிறார். நாம் சொன்னது பொய்யென்றால், அது பொய் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். சொன்னது உண்மையாகவே இருந்து, ஆனால் சொல்லக்கூடாத ஒரு மறைவான குற்றத்தை வெளியாக்கியிருந்தால், அது பொய் என்று இப்போது மறுப்பதும் தவறே. ஏனெனில் ஒரு பாவத்தை இன்னொரு பாவத்தால் கழுவ முடியாது. அவரைப் பற்றி அநியாயமாகப் பேசிவிட்டோம் என்று சொல்லலாம். அந்த மனிதரின் பெயரை முழுமையாக மீட்க முடியாவிட்டால் வேறு வழியில் ஈடுசெய்ய வேண்டும். எழுதியது குழுவில் என்றால், திருத்தமும் அதே குழுவில் வர வேண்டும் என்பது நம் கருத்து. இரகசியமாக மன்னிப்புக் கேட்பது நமக்கு எளிது. பாதிக்கப்பட்டவரின் பெயர் இன்னும் அந்தக் குழுவில்தான் கிடக்கிறது.

தாமதிப்பதற்கும் அவர் இடம் தருவதில்லை. பிறர் பொருளை வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு இழைக்கும் அநீதி தொடர்கிறது. கையில் இப்போது எதுவும் இல்லாதவர், கொடுக்க வேண்டியவரிடம் மன்னிப்போ தவணையோ கேட்கலாம். வரப்பை நகர்த்தி அபகரித்த நிலத்தின் உரிமையாளர் இறந்திருந்தால், அவருடைய வாரிசுகளுக்குச் சேர வேண்டும். வாரிசுகள் வெளியூரில் இருந்தால் அனுப்பி வைக்க வேண்டும். யாரிடமிருந்து எடுத்தோம் என்றே தெரியாத நிலையில், பல ஆண்டுகள் எடையில் ஏமாற்றிய கடைக்காரரைப் போல, அவர்களுக்காக ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். உண்டியலில் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. உரியவர் தெரிந்திருக்கும்போது போதாது. அவருடைய பணத்தை எடுத்துக் கடவுளுக்குக் காணிக்கை கொடுத்ததாகவே ஆகும்.

நேரில் போனால் குற்றம் வெளிப்பட்டுக் குடும்பமே சிதறிவிடும் என்று அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த அச்சம் பல நேரங்களில் நியாயமானதே. தன் குற்றத்தை ஊரறியச் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை. இதற்கும் தோமா அக்குவினார் வழி காட்டுகிறார்: பாவசங்கீர்த்தனம் கேட்ட குருவானவர் வழியாகவே பொருளைத் திருப்பிச் சேர்க்கலாம். எந்தக் குருவிடமும் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. உரியவர் கையில் ஓர் உறை போய்ச் சேரும். கொடுத்தவர் யார் என்பது சங்கீர்த்தன முத்திரைக்குள் அடங்கிவிடும்.