திரைப்பாடலில் நிலமும் நீரும் வானும்: இயற்கைப் புனைவின் சமூக அடிப்படை பற்றிய ஒரு குறிப்பு

தமிழ்த் திரைப்பாடல்களில் இயற்கை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் உவமைகளின் அழகைத் தொகுத்துக் காட்டுவதோடு அமைந்துவிடுகின்றனர். நிலவும் தென்றலும் மேகமும் காதலர் உணர்ச்சிக்குப் பின்னணியாக வருவதைச் சங்க அகத்திணை மரபின் தொடர்ச்சி என்பாரும் உளர். இக்கூற்று ஓரளவே பொருந்தும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொள்ளும் தொல்காப்பியம், கருப்பொருளை வகுக்கும்போது உணவு, மரம், புள் முதலியவற்றோடு அந்நிலத்து மாந்தரின் தொழிலையும் சேர்த்தே கூறுகின்றது. அங்கு இயற்கை உழைப்பிலிருந்து பிரிக்கப்படவில்லை. பெரும்பாலான திரைப்பாடல்களோ முதற்பொருளையும் உரிப்பொருளையும் ஏற்றுக்கொண்டு தொழிலைக் கைவிட்டன. அத்தொழில் மீண்டும் இடம்பெற்ற சில பாடல்களை இங்கு நோக்குவோம்.

முதலாவது நிலம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் (1930–1959) தஞ்சை மாவட்டத்தின் வேளாண் வாழ்விலிருந்து வந்தவர். பொதுவுடைமை இயக்கத்தோடு இணைந்து நின்றவர். குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் இயற்றப்பட்டதும் அம்மாவட்டத்துக்கே. 'நாடோடி மன்னன்' (1958) படத்துக்கு அவர் எழுதிய உழவர் பாடலில் பெண் வினவ ஆண் விடையிறுக்கிறான். விளைச்சல் பெருகியும் விளைவித்தவருக்கு எஞ்சுவது யாது என்பதே வினா. வயலின் பசுமை இங்கு உடைமை பற்றிய வினாவாகின்றது. ஆயின் படத்தின் கதையோ நல்ல மன்னன் இயற்றும் சட்டங்களில் தீர்வைக் காண்கின்றது. பத்தாண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25ஆம் திகதி, அதே தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கோரிப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். பாடல் எழுப்பிய வினா திரைக்கு வெளியே தீர்ந்துவிடவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

அடுத்தது கடல். 'படகோட்டி' (1964) பாடல்களை வாலி எழுதினார். விசுவநாதன் – இராமமூர்த்தி இசையமைத்தனர். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். சங்கப் பாடலில் பெரும்பாலும் தலைவியின் தனித்துயராக இருந்த இரங்கல், இப்படத்து மீனவர் பாடலில், கடலுக்குச் சென்றவர் மீள்வரோ என அஞ்சிக் கரையில் காத்திருக்கும் ஒரு தொழிற் சமூகத்தின் அன்றாடத் துயராக விரிகின்றது. இயற்கை வளம் எல்லோர்க்கும் பொதுவானது என்ற கருத்தை இன்னொரு பாடல் முன்வைக்கின்றது. எனினும் மீனவரின் விடுதலை எம். ஜி. இராமச்சந்திரன் ஏற்ற தனிநாயகனின் வீரச்செயலாகக் குறுகிவிடுகின்றது. பாடல் கூட்டாகப் பேசுகின்றது. கதை தனியனை வழிபடுகின்றது. வணிகத் திரைப்படத்தின் அடிப்படை முரண்பாடுகளுள் இதுவும் ஒன்று.

கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைத் தழுவி கே. பாலசந்தர் இயக்கிய 'தண்ணீர் தண்ணீர்' (1981) இதனின்றும் வேறுபடுகின்றது. வறண்ட அத்திப்பட்டியில் பாடப்படும் வைரமுத்துவின் தாலாட்டில் தாய் தன் பிள்ளையைத் தண்ணீர் என்றே விளிக்கிறாள். பொன்னும் மணியும் கூறிக் கொஞ்சும் தாலாட்டு மரபில், கிடைக்காத நீரே பெறுதற்கரிய பொருளாகிவிட்டது. தம் கைகளாலேயே கால்வாய் வெட்ட முனையும் ஊராரை அரச இயந்திரம் தடுக்கின்றது. நீரின்மை இயற்கையின் குற்றம் மட்டுமன்று என்பதைப் படம் இவ்வாறு நிறுவுகின்றது.

வானம் பற்றி ஒரு சொல். வைரமுத்துவின் முதற் பாடல் பாரதிராஜாவின் 'நிழல்கள்' (1980) படத்தில் இடம்பெற்றது. மாலை வானின் ஒப்பனையை வியக்கும் அப்பாடலைத் தப்பித்தல்வாதம் என ஒதுக்குவது எளிது. நாமும் தொடக்கத்தில் அவ்வாறே கருதினோம். ஆயின் அப்படம் வேலையற்ற இளைஞரைப் பற்றியது. பகலில் தொழில் மறுக்கப்பட்டவனுக்கே அந்தியை முழுமையாகப் பார்க்கும் ஓய்வு வாய்க்கின்றது; அவ்வோய்வு அவன் விரும்பிப் பெற்றதன்று. தொழிலின் இன்மையும் இயற்கைப் புனைவைத் தீர்மானிக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

ஆகவே, இயற்கைப் பாடல்களை அழகுணர்ச்சி, சமூக உணர்ச்சி என இரு கூறுகளாகப் பிரித்து, முன்னதைப் புறக்கணிக்கும் போக்கை முற்போக்குத் திறனாய்வு கைவிடுதல் வேண்டும். வயலையும் கடலையும் வானையும் பாடும் குரல் எந்த உழைப்பு உறவிலிருந்து எழுகின்றது என்று வினவுவதே நம் பணி. அவ்வினாவைக் கைவிட்டால் நமக்கு எஞ்சுவது வெறும் நிலவும் தென்றலுமே.