பிள்ளைக் காம்பராவின் கதை

நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலை ஏறுவோர், மஸ்கெலியாவிலிருந்து மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் ஓரமாக வரும் பாதையில் தேயிலையை மட்டுமே பார்த்துக்கொண்டு வருகிறார்கள். அந்தத் தேயிலைக்குள், லயன்களுக்குச் சற்றுத் தள்ளி நிற்கும் ஒரு சிறு கட்டிடம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. தோட்டத்து மக்கள் அதைப் பிள்ளைக் காம்பரா என்றனர்; சில இடங்களில் பிள்ளை மடுவம். மலையக வரலாறு எழுதியோர் கங்காணியைப் பற்றியும் தொழிற்சங்கத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஐந்தாறு தலைமுறைப் பிள்ளைகளின் உடலும் மனமும் உருவான இந்த அறைக்கு அவர்கள் ஒதுக்கிய இடம் சொற்பம்.

கோப்பிக் காலத்தில் இதற்குத் தேவை அதிகம் இருக்கவில்லை. அறுவடைக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பிய ஆண்களே அப்போது பெரும்பான்மையினர். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை, 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தபின் மலையெங்கும் பரவியது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தரும். அதற்குப் பெண்களின் கைகள் வேண்டும். குடும்பம் குடும்பமாக மக்கள் நிலைத்தபோது, கைக்குழந்தை ஒரு நிர்வாகப் பிரச்சினையாயிற்று. காலைப் பெரட்டுக்குப் போகும் தாய் பிள்ளையை எங்கே விடுவாள்? மலைக்குக் கொண்டுபோனால் மழையும் அட்டையும். வீட்டில் விட்டால் எட்டு வயது அக்காள்தான் காவல். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டங்களில் பள்ளி நடத்துவதைத் துரைமார் மீது கடமையாக்கியது. பள்ளி வந்தும் பல அக்காமார் தொட்டிலின் அருகிலேயே நின்றுவிட்டனர்.

ஆகவே பிள்ளைக் காம்பரா கருணையால் மட்டும் பிறந்தது என்று நான் நினைக்கவில்லை. பிற்காலச் சட்டம் ஒன்றைப் பாருங்கள். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது. பின்னர் திருத்தங்களுடன் அது சொல்வது: ஒரு வயது நிரம்பாத பிள்ளையின் தாய்க்கு, ஒன்பது மணி நேரத்துக்குள் இருமுறை பாலூட்டும் இடைவேளை தரவேண்டும். பராமரிப்பிடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி. இல்லாவிட்டால் ஒரு மணி. ஆக, ஒரு பிள்ளைக் காம்பரா தாய் ஒருத்திக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரக் கொழுந்தை மிச்சப்படுத்தித் தரும். (கணக்குப் பார்க்கத் தெரிந்த துரைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.) அந்த அரை மணிக்குள் செங்குத்தான மலையிலிருந்து இறங்கி, பாலூட்டி, மீண்டும் ஏற வேண்டும் என்பது தாயின் கணக்கு. அதே சட்டம், ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ளவளுக்கு 84 நாள் விடுப்பைப் பாதியாகக் குறைத்து 42 நாளாக்கியிருந்தது. இப்பாகுபாடு நீங்கியது 2018இல்தான்.

உள்ளே என்ன இருந்தது? கம்பியிலோ கயிற்றிலோ வரிசையாகத் தொங்கிய சேலைத் தொட்டில்கள், புகையும் அடுப்பு, கொழுந்து பறிக்க முடியாத வயதை எட்டிய ஒரு கிழவி. பயிற்சி கிடையாது, விளையாட்டுப் பொருள் கிடையாது, சுத்தமும் பல இடங்களில் கிடையாது. ஆனால் அவள் அதே லயத்தைச் சேர்ந்தவள். பல பிள்ளைகளுக்கு அவள் அப்பாயி, அம்மாயி முறையாகவே இருந்தாள். 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை, குழந்தையின் மனநலத்துக்குத் தாயோ தாய்க்கு நிகரான நிலையான ஒருவரோ தரும் அன்பின் தொடர்ச்சி இன்றியமையாதது என்று வாதிட்டது. அந்தத் தொடர்ச்சியை, எழுத்தறியாத அந்தக் கிழவி தந்துகொண்டிருந்தாள்.

அதையும் அரசியல் அறுத்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. வாக்கற்றவர்களின் பிள்ளைக்குப் பால் கிடைக்கிறதா என்று கேட்க வேண்டிய அவசியம் அரசியல்வாதிக்கு இல்லாமற் போயிற்று. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. ஒரே குடும்பத்தில் சிலருக்கு இந்தியக் கடவுச்சீட்டும் சிலருக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்தன. தலைமன்னாரில் பாட்டி கப்பலேற, பேரப்பிள்ளை தோட்டத்தில் நின்ற கதைகள் மலையகத்தில் ஏராளம். 1973-74 உணவுப் பஞ்சம் தோட்டங்களை மிகக் கொடுமையாகத் தாக்கியது. சத்துமாவான திரிபோஷா திட்டம் நாட்டில் தொடங்கியதும் 1973இல்தான்.

1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போனது. அதே ஆண்டில் உருவான, இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என அறியப்படும் அமைப்பு, பிள்ளைக் காம்பராக்களைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றும் பணியை எடுத்துக்கொண்டது. பயிற்சி பெற்ற பெண்கள் வந்தனர். நிறை அளக்கும் தராசும் வளர்ச்சிப் பதிவேடும் படப் புத்தகங்களும் வந்தன. கிழவிகள் மெல்ல மறைந்தனர்.

பலன் இல்லாமலில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டத்துப் பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் 2006-07 கணக்கெடுப்பில் 40.2 சதவீதம், 2016இல் 31.7 சதவீதம். ஆனால் 2016இல் தேசிய சராசரி 17.3தான். தராசு வைத்தால் பிள்ளை எவ்வளவு குறைகிறது என்று தெரியும். குறைவை நிரப்புவது அடுப்படி, அதற்குப் பின்னால் சம்பளம்.

இன்னொரு மாற்றத்தை நிலையங்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. இளம் தாய்மாரில் பலர் இன்று கொழுந்துக்குப் போவதில்லை. சிலர் ஆடைத் தொழிற்சாலைக்கும் கொழும்புக்கும், சிலர் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்கும் போகிறார்கள். தாய் இரண்டு வருடம் குவைத்தில் இருக்கும் பிள்ளையை, பெரட்டு நேரத்துக்குத் திறந்து மாலையில் மூடும் அறை எவ்வளவு தாங்கும்? அந்தப் பிள்ளையை மாலையில் வந்து தூக்கிச் செல்பவள், பெரும்பாலும் மீண்டும் ஒரு பாட்டிதான்.