அடி விழுந்ததை யார் சொல்வது?

இந்த வாரம் ஒரு விளையாட்டின் வரலாற்றை எழுதலாம் என்று நினைத்தேன். பதிவு கொஞ்சம் நீளம். ஷிப்ட் முடிந்து வந்து நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் கைப்பேசியில் எழுத்தாலேயே சண்டை போடுகிறார்கள். படம் கிடையாது, சத்தம் கிடையாது. ஒருவர் தன்னை வாள்வீரனாக வைத்துக்கொண்டு, "உன் இடது தோளை நோக்கி வாளை வீசுகிறேன்" என்று எழுதுவார். எங்கோ இருக்கும் எதிராளி அதைப் படித்துவிட்டு, தான் விலகினாரா, கேடயத்தால் தடுத்தாரா, வெட்டுப்பட்டாரா என்று பதில் எழுதுவார். பிறகு தாக்குவது அவர் முறை. இப்படி ஒரே சண்டை பல நாள்கூட நடக்கும்.

இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. "உன் தோளை வெட்டிவிட்டேன்" என்று தாக்கியவர் எழுதக் கூடாது. வாளை வீசுவது மட்டும்தான் அவர் பாடு. அடி விழுந்ததா என்பதை எதிரில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். அதே சமயம், எந்த அடியும் தன்மேல் படவே இல்லை என்று எழுதிக்கொண்டே போகிறவரோடு யாரும் ஆட விரும்புவதில்லை. அந்தப் புத்திக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'காட்மாடிங்'. தன்னைத்தானே கடவுளாக்கிக்கொள்வது என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

இது எங்கிருந்து வந்தது? 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, வாயால் சொல்லியே போர் செய்வார்கள். அடி பட்டதா என்பதைப் பகடை சொல்லும். நடுவர் ஒருவரும் இருப்பார். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் 'மட்' என்ற கணினி விளையாட்டைத் தொடங்கினார். உடன் படித்த ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். திரையில் வெறும் எழுத்துதான். ஆனால் பலர் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து மோதலாம். அடியின் கணக்கைக் கணினி பார்த்துக்கொண்டது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15இல். பகடையும் கணினிக் கணக்கும் இல்லாமல், எழுத்தை மட்டும் நம்பி ஆடும் சண்டையில் மிஞ்சியது ஒன்றுதான்: ஆடுகிறவரின் நாணயம்.

ஆனால் சொல்லால் போர் செய்வது நம் பக்கத்துக்குப் புதிது இல்லை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி, மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் ஒலிக்க, விடிய விடிய ஆடுவார்கள். அதில் அம்பு யார் மேலும் தைப்பதில்லை. பாட்டும் வசனமும் அடவும்தான் ஆயுதம். இரண்டு வேடக்காரர்கள் மாறி மாறிப் பாடியும் பேசியும் மோதுவதைத் தர்க்கம் என்கிறோம். கர்ண மோட்சத்தில் கர்ணன் களத்துக்குப் போகும் முன்பே வீட்டில் ஒரு போர் நடக்கிறதே! அவன் பிறப்பைச் சொல்லி மனைவி பொன்னுருவி இகழ, அவன் பதில் சொல்ல, கேட்டுக்கொண்டிருக்கும் நமக்குத் தூக்கம் பறந்துவிடும்.

இந்த ஆட்டத்துக்கும் ஒழுங்கு உண்டு. முதலாவது, கட்டியங்காரன். அரசன் வந்தாலும் "நீர் யார், எதற்கு வந்தீர்?" என்று கேட்பான். சூடு ஏறினால் சிரிக்க வைத்து இறக்குவான். இரண்டாவது, வேடம் வேறு, ஆள் வேறு என்ற தெளிவு. துகிலுரியும் கட்டம் வந்ததும் துச்சாதனன் வேடக்காரர் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் சேலையில் கை வைக்கும் வழக்கம் உண்டு. எழுத்துச் சண்டை போடும் பிள்ளைகளும் இதையேதான் செய்கிறார்கள். வேடத்துக்கு வெளியே வந்து ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். மூன்றாவது, தோற்கத் தெரிவது. படுகளத்தன்று பெரிய மண் துரியோதனன் படுத்திருக்க, பீமனிடம் தொடையில் அடி வாங்கி விழுகிற வேடக்காரர் சரியாக விழாவிட்டால் பாரதம் முடியுமா? திரௌபதி கூந்தலை முடிக்கத்தான் முடியுமா?

இனி எல்லைக்கு அந்தப் பக்கம் போவோம். கர்நாடகக் கடலோர மாவட்டங்களில் 'தாளமத்தளை' என்று ஒரு கலை இருக்கிறது. யட்சகானத்தின் இன்னொரு வடிவம். மழைக்காலத்தில் மேடை ஆட்டம் ஓய்ந்திருக்கும்போது இது அதிகம் நடக்கும். வேஷமும் இல்லை, ஆட்டமும் இல்லை. சாதாரண உடையில் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். பாகவதர் பாட்டைப் பாட, ஒருவர் இராமனாகவும் ஒருவர் வாலியாகவும் எழுதிவைக்காத வசனத்தால் மோதுவார்கள். அப்படிப் பேசுகிறவருக்கு 'அர்த்ததாரி' என்று பெயர். ஷேணி கோபாலகிருஷ்ண பட் இதில் பெரும்புகழ் பெற்றவர். மறைந்திருந்து அம்பு எய்தது சரியா என்று வாலி கேட்கும் கேள்விக்கு இராமன் திணறலாம். வாதத்தில் வாலியே ஜெயிக்கலாம். ஆனாலும் கதைப்படி வாலி சாக வேண்டும். அந்தச் சாவை மதிப்போடு ஏற்றுக்கொள்கிறவரே நல்ல அர்த்ததாரி.

பெங்களூரில் சைத்ர மாதப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் கரகமும் திரௌபதிக்கு எடுக்கும் விழாதான். எல்லையின் இரண்டு பக்கமும் அதே பாரதம், அதே அம்மன்.

இதை எல்லாம் நான் எழுதக் காரணம் 2016 செப்டம்பர். காவிரித் தண்ணீரைத் திறக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட நாட்கள். பெங்களூரில் ஒரு கல்லூரி மாணவரைச் சிலர் சூழ்ந்துகொண்டு அடித்தார்கள். காரணம், அவர் முகநூலில் எழுதிய சில வார்த்தைகள். அடித்த காட்சி எங்கும் பரவியது. 12ஆம் தேதி இங்கே கர்நாடகத்தவரின் ஓட்டலும் வண்டிகளும் தாக்கப்பட்டன. அங்கே தமிழ்நாட்டுப் பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. பேருந்துகள் எல்லையிலேயே நின்றுவிட, அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே மூட்டை முடிச்சோடு நடந்தவர்களை ஓசூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்த வாரம் கைப்பேசிகளில் நடந்ததும் சொல்லால் செய்த சண்டைதான். ஆனால் அதில் கட்டியங்காரன் இல்லை. வேடம் வேறு, ஆள் வேறு என்ற தெளிவு இல்லை. "இது எனக்கு வலிக்கிறது" என்று எதிராளி சொன்னால் அதை ஒப்புக்கொள்ள யாரும் தயாராக இல்லை. எல்லோருமே அடித்தவர்கள், எல்லோருமே வென்றவர்கள். பிள்ளைகளின் பாஷையில் சொன்னால் எல்லோருமே காட்மாடிங். வார்த்தையில் அடங்காத சண்டை கடைசியில் தெருவுக்கு வந்தது.

நம் தொழிற்சாலைகளில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே கேண்டீனில் சாப்பிடுகின்றன. கோடையில் தண்ணீர் குறையும்போதெல்லாம் பழைய பேச்சு மறுபடியும் கிளம்பும். அப்போது நம் குடும்பக் குழுக்களில் பதில் எழுதும் முன், துச்சாதனன் வேடக்காரர் போல ஒரு நிமிடம் நிறுத்துங்கள்.

உங்கள் மகனோ மகளோ இந்த எழுத்துச் சண்டை ஆடினால் உடனே கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம். "கடைசியாக நீ ஒப்புக்கொண்ட அடி எது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் பிள்ளை நல்ல பழக்கத்தில்தான் இருக்கிறது. அடுத்த முறை பக்கத்து ஊரில் பாரதம் வைத்தால் அழைத்துப் போய்ப் படுகளம் வரை பார்க்க வையுங்கள்.

உங்கள் ஊர்க் கூத்தில் நீங்கள் கேட்ட நல்ல தர்க்கம் ஏதாவது நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். எல்லோரும் படிக்கட்டும்.